இரண்டு முதல் நான்கு வரை

புதுப்பிப்பு நாளன்று காலையில் தனிஸ்லாஸ் முதலில் தன் கைப்பலகையைத் துடைத்தார், பிறகுதான் தன் முகத்தைத் துடைத்தார். மெல்லிய துணியால் அதன் முதுகை வட்டம் வட்டமாகத் தேய்த்தார். அங்கே ஆரஞ்சு விளக்கு ஒன்று விடாமல் எரிந்துகொண்டிருந்தது. கல்யாண வீடுகளில் அந்தப் பலகையை அவர் எப்போதும் குப்புறத்தான் வைப்பார். திரையை யார் பார்க்கப் போகிறார்கள்? விளக்கைத்தான் பார்ப்பார்கள்.

பழைய ஆட்கள் டேப்லெட் என்று சொல்லிக்கொண்டிருந்த கைப்பலகை தூத்துக்குடியில் எல்லாரிடமும் இருந்தது. ரேஷனும் வைத்தியமும் ஓட்டும் அதற்குள்ளே நடந்தன. பச்சை விளக்கு எரிந்தால் அது அன்றாடப் பலகை. அதில் பார்க்கலாம், பேசலாம், வாங்கலாம். ஆரஞ்சு எரிந்தால் ஆக்கப் பலகை. அதில்தான் கணினி நிரல் எழுத முடியும். வீட்டுக்கு ஒன்றே ஒன்று. பதிவுதாரரின் கட்டைவிரல் பட்டால்தான் திறக்கும். யாருக்கு எது என்று அலசி எழுதுவதற்கு மாவட்டத்துக்கு ஒரு ஒப்பாளர் உண்டு. இந்த மாவட்டத்தின் ஒப்பாளர் தனிஸ்லாஸ். ஆக்கப் பலகை இல்லாதவர் ஒப்பாளராக இருக்க முடியாது.

பதினெட்டு வருஷமாக அவர் பலகைகளை எடைபோட்டு எழுதி வந்தார். இதன் பேட்டரி நிற்கும், அதன் விசைப்பட்டை வழுக்கும், குடும்பத்துக்கு இது போதும், நிரலாளருக்கு அது வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு இருந்தது. ‘அடுப்படிக்கு நிரல் எதற்கு?’ என்று அவர் எழுதிய வரியைப் பலகைத் துறை சுவரொட்டியாகவே அடித்து ஒட்டியிருந்தது. ஒன்றுதான் குறை. அவர் இதுவரை ஒரு நிரல்கூட எழுதியதில்லை.

அதனால்தான் புதுப்பிப்பு நாள் என்றாலே அவருக்குப் பயம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வட்ட அலுவலகத்தில் பலகையை மேடைமேல் வைக்க வேண்டும். இத்தனை காலம் தன்னை வைத்து என்ன செய்தார்கள் என்பதை அது வரிசையில் நிற்பவர்கள் காதுபட வாய்விட்டுச் சொல்லும். ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்று அதற்குப் பெயர். இந்த வழக்கம் தொடங்கிய போன தடவை, மேடை பழுதாகிவிட்டதால் தப்பித்தார். இந்தத் தடவை அந்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது. ஒரு வாரமாக உட்கார்ந்து, ‘வணக்கம்’ என்று காட்டும் நிரல் ஒன்றைப் பதினோரு தடவை பாதியில் விட்டிருந்தார். கடைசியில், பந்தியில் ருசி பார்ப்பவனுக்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்கும் சின்னப் பிரசங்கம் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பினார். மனைவி பிரிஸ்கா தன் பச்சைப் பலகையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தாள்.

வரிசை நீளமாக இருந்தது. இவர்கள் முறை வந்ததும் அதிகாரி கோமதி எழுந்து நின்றே பலகையை வாங்கி மேடைமேல் வைத்தாள். அது தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் எழுப்பியது.

“பதிவுதாரர் தனிஸ்லாஸ். தொடர்கள் பார்த்தது, நான்காயிரத்து நூறு மணி நேரம். தன் பெயரைத் தானே தேடியது, ஆறாயிரத்து இருபது தடவை.”

வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். தனிஸ்லாஸ் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்தார்.

“ஆக்கிய நிரல்கள், நாற்பத்தொன்று. பிறர் அதிகம் பயன்படுத்துவது, தண்ணீர் முறை. ஆக்கிய நேரம், தினமும் மதியம் இரண்டு முதல் நான்கு வரை.”

திறந்த வாய் அப்படியே நின்றது. கடல்நீரைக் குடிநீராக்கி விடும் குழாயில் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று பிரித்துச் சொல்வது தண்ணீர் முறை. அது வந்த பிறகுதான் ஊரில் குடச்சண்டை ஓய்ந்தது. எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ‘எங்கோ பெருநகரத்தில் இருக்கும் ஒரு மேதை’ என்று தனிஸ்லாஸே புகழ்ந்து எழுதியிருக்கிறார். மதியம் இரண்டு முதல் நான்கு வரை அவர் மீன்குழம்புச் சோற்றை முடித்துவிட்டு, வலது கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக் குறட்டை விடும் நேரம்.

கட்டைவிரலைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

“சார், தண்ணீர் முறை நீங்களா?” கோமதியின் குரல் தழைந்தது. “எங்க தெருவே உங்களக் கும்பிடணும். விதிப்படி ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதான எழுதுனது? வேற ஆள்னா ஆரஞ்சு அவங்க பேருக்கு மாறிரும், அவ்வளவுதான். தண்டம் ஒண்ணும் கிடையாது.”

தனிஸ்லாஸ் திரும்பினார். பிரிஸ்கா கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு அவர் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டார். ஒரு தடவையும் நம்ப முடியவில்லை.

“நான்தான்,” என்றார். “ஓய்வு நேரத்துல, சும்மா.”

கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் குழந்தையைத் தூக்கி அவரைக் காட்டினார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பிரிஸ்காவின் பலகை மேடை ஏறிவிட்டது.

“பதிவுதாரர் பிரிஸ்கா. வானிலை, மீன் விலை, தங்கையோடு பேச்சு. கணவரின் ஒப்பீடுகளைப் படித்தது, முந்நூற்றுப் பன்னிரண்டு. மதியம் இரண்டு முதல் நான்கு வரை, பயன்பாடு இல்லை. ஐந்து ஆண்டுகளாக இல்லை.”

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. கூட்டமே அந்த இரண்டு மணி நேரத்தை இங்கிருந்து எடுத்து அங்கே பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பக்கத்துத் தெரு ரெஜினாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஏக்கா, அந்நேரம் நீங்க என்னதான் செய்வீய?”

“அவுக தூங்குவாக,” என்றாள் பிரிஸ்கா. “நான் சத்தம் போடாம இருப்பேன்.”

கோமதி இரண்டு பலகைகளையும் புதுப்பித்துக் கொடுத்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தபடியே கொடுத்தாள்.

வழியெல்லாம் தனிஸ்லாஸ் ஆரஞ்சு விளக்கைச் சட்டையோடு அணைத்து மறைத்துக்கொண்டு நடந்தார். வீட்டில் பிரிஸ்கா எப்போதும்போலச் சோறு போட்டாள், நடுத்துண்டு மீனை அவர் தட்டிலேயே வைத்தாள். திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். இரண்டு வாக்கியம் கோத்தார். முதலாவது ‘என் நிலைமையில்’ என்று ஆரம்பித்தது, இரண்டாவது ‘பதவி என்பது’ என்று ஆரம்பித்தது. இரண்டையும் சோற்றோடு விழுங்கினார்.

மணி இரண்டு. படுத்தார். தூக்கம் வரவில்லை. வலது கையை மட்டும் மெல்லக் கட்டிலுக்கு வெளியே நீட்டி வைத்தார். கொஞ்ச நேரத்தில் காலடி கேட்டது. அவள் அவர் கட்டைவிரலில் ஒட்டியிருந்த குழம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், பலகையில் ஒற்றி எடுத்தாள், கையைப் பழையபடி தொங்கவிட்டாள். ஐந்து வருஷப் பழக்கம், துளியும் வலிக்கவில்லை. மேசையிலிருந்து விசைகளின் சின்னச் சத்தம் தூறலாகக் கிளம்பியது. பிறகு நின்றது.

“குறட்டையக் காணோம்,” என்றாள் பிரிஸ்கா. குரலில் கோபமே இல்லை. நிரலில் பிழை எந்த வரியில் என்று சொல்வதுபோலச் சொன்னாள். “அது இல்லாம எனக்கு வேலை ஓடாது.”

தனிஸ்லாஸ் கண்களை இறுக மூடிக்கொண்டு குறட்டை விட்டார். தூறல் மறுபடி தொடங்கியது. நான்கு மணி வரைக்கும் அவர் நிறுத்தவில்லை.