துவைக்காத நைட்டி

கொக்கியிலிருந்து எடுத்தபோது நைட்டி ஈரமாக இருந்தது.

அக்குளிலும் முதுகின் நடுவிலும் மட்டும். சாரல் பட்ட ஈரமில்லை, தண்ணீர் சிந்திய ஈரமுமில்லை; வெயிலில் நடந்துவிட்டு வந்து யாரோ அப்போதுதான் கழற்றி மாட்டிய துணியில் இருக்குமே, உடம்புச் சூடு இன்னும் போகாத அந்த ஈரம். ரோகிணி அதைக் கையில் பிடித்தபடி படுக்கையறைக் கதவின் பின்னால் சற்று நேரம் நின்றாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. புரட்டாசிப் புழுக்கம் வீட்டுக்குள் கம்பளிபோலக் கிடந்தது. காலையில் தான் போட்டுக் கழற்றியதுதான் காயவில்லை என்று சொல்லிக்கொண்டாள். காலையில் நாய்க்குச் சோறு வைக்கும் நேரம் மட்டுமே அதைப் போட்டிருந்ததும், அப்போது வியர்க்கவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தன. ஆனால் கப்பலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்களுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. சுடிதாருக்கு மேலேயே நைட்டியை மாட்டிக்கொண்டு, "சீனி" என்று கூப்பிட்டாள்.

நைட்டி அவளுடையதல்ல. வீடும் நாயும்கூட அவளுடையவை அல்ல. எல்லாம் ராதாமணியுடையவை, ராதாமணி மஸ்கட்டில் இருந்தாள். கணவன் ஸ்ரீநாத் முன்னால் போய் வேலையில் நிலைத்த பிறகு, அவளும் இந்தக் கே.கே. நகர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தாள். அங்கே அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. வேறு வீடு கிடைத்து, சீனியின் ரத்தப் பரிசோதனையும் தடுப்பூசிச் சான்றும் விமானத்துக்கான தாள்களும் கைக்கு வரும்வரை அதை யாரிடமாவது விட்டாக வேண்டும். முதலில் ஊருக்கு வெளியே ஒரு நாய்க் காப்பகத்தில் விட்டாள். அவர்கள் தினமும் போட்டோ அனுப்பினார்கள். லீவு போட்டு நேரில் வந்து பார்த்தபோதுதான், எல்லாமே முதல் நாளே எடுத்து வைத்த போட்டோக்கள் என்று தெரிந்தது. சிமெண்டுத் தரையில், குட்டைச் சங்கிலியில், கழுத்தெல்லாம் புண்ணாக, எலும்பும் தோலுமாக அது கிடந்தது. அடுத்து ஒரு சொந்தக்காரர் வாங்கிப்போய் மொட்டைமாடியில் கட்டிப்போட்டார்.

அதற்குப் பிறகு கிடைத்தவள் ரோகிணி. கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பில் போடுகிறவள். பக்கத்துத் தெரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறவள். வேலை முடிந்து மாட்டுத்தாவணிப் பக்கம் கணக்கு வகுப்புக்குப் போகிறவள். வீட்டைப் பார்க்க வந்த அன்று பூட்டை இழுத்துப் பார்த்தாள், தெருமுனை வரை போனாள், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். எதிரில் நின்ற ராதாமணி சிரித்துவிட்டாள்.

"இம்புட்டு சந்தேகப்படுற புள்ளதான் எனக்கு வேணும்" என்றாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் அங்கருந்து என்ன பண்ண முடியும், சொல்லு."

அதுவரை யாரும் ரோகிணியிடம் எதையும் அப்படி நம்பி விட்டுவிட்டுப் போனதில்லை.

சீனி கன்னி இனத்து வேட்டை நாய். ஒல்லி உடம்பு, நீண்ட முகம், ஒருத்தரை மட்டும் ஏற்கும் பிடிவாதம். அதற்காகவே ராதாமணி ஒரு வாரம் போட்டுப் புழங்கிய ஊதா நிற நைட்டியைத் துவைக்காமல் கொக்கியில் விட்டுப் போயிருந்தாள். காலையும் மாலையும் வந்து, அதைப் போட்டுக்கொண்டு சோறு வைக்க வேண்டும். நாய் முகத்தைப் பார்க்காது, வாசனையைத்தான் பார்க்கும். சொன்னபடியே நடந்தது. முதல் நாளே சீனி நைட்டியின் மடிப்பில் மூக்கைப் புதைத்து முனகியது, கையில் உருட்டிக் கொடுத்த சோற்றை வாங்கியது. ஆனால் தலை நிமிர்ந்து ரோகிணியின் முகத்தைப் பார்த்ததே இல்லை. நைட்டியைக் கழற்றிய மறுநிமிடம் வால் தொங்கிவிடும். கட்டிலுக்கு அடியில் போய்விடும். மஸ்கட்டுக்கு விமானம் ஏறுவதற்குள் ஒரே ஒரு தடவை, வெறும் ரோகிணியாக வந்து நிற்கும்போது, அது தன்னைப் பார்த்து வாலாட்டிவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அதுதான். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

நைட்டியின் வாசனை நாள்பட நாள்பட மங்கும் என்று ராதாமணி சொல்லியிருந்தாள். மங்கவில்லை. தேங்காயெண்ணெய், முகப்பவுடர், கழுத்து மடிப்பின் வியர்வை எல்லாம் முன்பைவிடக் கெட்டியாக, கதவைத் திறந்ததும் எதிரே வந்து நிற்பதுபோல வீசின. அதற்குக் கீழே வேறொன்றும் சேர்ந்து வந்தது: தண்ணீர் வற்றி வெடித்த கண்மாயின் அடிமண் வாடை. மூக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். கம்பெனியில் நாள் முழுக்க உருகும் பிளாஸ்டிக்கை முகர்ந்த மூக்கு.

பிறகு சீனி மாலைச் சோற்றை மோந்துவிட்டு விலகத் தொடங்கியது. நோயென்று பயந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். வயிறு நிறைந்து இறுகியிருந்தது; விலா எலும்புகள் மறைந்திருந்தன. காலையில் வைத்ததையே மறந்து இரண்டாம் தடவையும் வைத்துவிட்டேனா? அடுத்த நாள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். அரிசி போட்டாச்சு. வடிச்சாச்சு. வச்சாச்சு. அன்று மாலையும் சீனியின் வாயோரத்தில், அப்போதுதான் தின்றதுபோல, ஈரம் மாறாத சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

அந்த வாரத்தில் பக்கத்து வீட்டு மீனலோசனி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். ராதா நைட்டியை மாட்டிக்கொண்டு நீ ராதாவாகவே ஆகிவிட்டாய், அவள் புருஷன் வந்தால் குழம்பிப் போவான் என்று கேலி செய்தாள். ரோகிணியும் சிரித்துவைத்தாள்.

"ஆனா ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காத" என்றாள் மீனலோசனி. "உச்சி வெயில்ல நாயக் கூட்டிக்கிட்டு நடக்குறியே, தார் ரோட்டுல அதுக்குக் காலு வெந்துராதா?"

"எப்பக்கா?"

"தெனமுந்தான். நானும் கூப்புட்டுப் பாக்கேன், திரும்பக்கூட மாட்டேங்குற. வேலைக்குப் போற புள்ளைக்கு அம்புட்டு ராங்கி."

உச்சி வெயிலில் ரோகிணி கப்பலூரில் இருப்பாள். சாவி அவள் கைப்பையில் இருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே மஸ்கட்டுக்குப் போன் போகும். வீட்டுக்குள் யாரையோ விடுகிறாள், இவளும் அந்தக் காப்பகக்காரர்களைப் போலத்தான் என்று ஆகிவிடும். "இனிமே கூட்டிட்டுப் போகலக்கா" என்றாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது, பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம், நேற்று இந்நேரம் நான் இங்கேதானே இருந்தேன் என்று கேட்டாள். இல்லையே, சினிமாவுக்குப் போயிருந்தாயே என்று அவள் சிரிக்காமல் சொன்னாள். பிறகுதான் சிரித்தாள். அந்த இடைவெளியில் ரோகிணி நேற்றுப் போட்ட பில்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டாள்.

அன்று மாலை ராதாமணி வீடியோவில் வந்தாள். முன்பெல்லாம் அவள் குரல் கேட்டதும் சீனி போனை நக்கும். இப்போது காது மட்டும் அசைந்தது. முகம் படுக்கையறைக் கதவின் பக்கமே இருந்தது. என்னை மறந்துவிட்டது போல என்றாள் ராதாமணி. அங்கே அவளும் வேலை முடிந்து வந்து முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வேற யாருட்டயாச்சும் இந்த வீட்டுச் சாவி இருக்கா?"

ராதாமணி போனை முகத்தருகே கொண்டுவந்தாள்.

"இல்லையே. ஏன் கேக்குற? யாரும் வாராங்களா?"

அந்தக் கண்களில் சிமெண்டுத் தரையும் குட்டைச் சங்கிலியும் தெரிந்தன. ரோகிணி போனைச் சீனியின் பக்கம் திருப்பினாள். சும்மாதான் கேட்டேன் என்றாள். அதை மூடுவதற்காக இன்னொன்றும் சொன்னாள்: நைட்டியில் வாசனை போய்விட்டது, அதனால்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை.

"அம்புட்டுதானா" என்று ராதாமணி மூச்சு விட்டாள். "அப்ப அதத் தொவச்சுப் போட்டுரு. நீ போட்டுக் கழட்டுன துணி ஒண்ண அதே கொக்கில மாட்டிட்டுப் போ. ஒன்னையும் பழகட்டும்."

பொய்க்குக் கிடைத்த பதில்தான். ஆனாலும் அதைக் கேட்டதும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் வாளியை வைத்து நைட்டியை நனைத்தாள். தண்ணீர் கறுத்தது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள், அதுவும் கறுத்தது. சோப்பு நுரைக்கவே இல்லை. உட்கார்ந்து சோறு ஊட்டுவதற்கு மட்டும் போட்ட துணியில் இருக்கும் அழுக்கில்லை அது. பல காலம் மண்ணுக்குள் கிடந்ததைத் தோண்டி எடுத்ததுபோல, சேறு சேறாக, விரலிடுக்கெல்லாம் கண்மாய் வாடையோடு கரைந்து வந்துகொண்டே இருந்தது. சீனி பின்வாசல் நிலையில் வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நின்றது. அவளைப் பார்க்கவில்லை, துணியையும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. கை ஓயும்வரை கசக்கி, மொட்டைமாடிக் கொடியில் போட்டாள். வியர்வையில் நனைந்திருந்த தன் கடுகு மஞ்சள் சுடிதார் டாப்பைக் கழற்றி, கொண்டுவந்திருந்த வேறொன்றை உடுத்திக்கொண்டாள். மஞ்சளைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் டாப் மாட்டியபடியே இருந்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது.

சீனி மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. சோறு அப்படியே இருந்தது. குனிந்து கை நீட்டினாள். நாயின் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் கண்கள் அறையின் மூலைக்குப் போயின. அங்கிருந்து சுவரோரமாக மெதுவாக நகர்ந்தன. கதவுக்குப் பின்னால், கொக்கியருகே வந்து நின்றன. ரோகிணி திரும்பிப் பார்த்தாள். சுவர். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கே போய்விடலாம், வார்டனின் காலில் விழுந்தாவது ஒரு மூலை கேட்டு வாங்கலாம் என்று முடிவு செய்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடினாள். அன்று போட்ட பில்களில் பாதியைத் தப்பாகப் போட்டாள். நாயை அப்போதே தூக்கியிருக்க வேண்டும். கதவைத் தட்டி மீனலோசனியிடமாவது விட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் கேட்டைத் திறக்கும்போதே கேட்டது. பீரோவின் தகரத்தில் வால் அடிபடும் ஓசை. டப். டப். டப்.

மனசு துள்ளிவிட்டது. சீனி வாலாட்டுகிறது. தன் துணி வாசனைக்கு. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே போனாள்.

கூடம் மங்கிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் வாடை இல்லை. உருகிய பிளாஸ்டிக்கும் பஸ் நெரிசலின் வியர்வையும் ஹாஸ்டல் சோப்பும் கலந்து வீசியது. அவளுடைய வாசனை. அவள் உடம்பில் இருப்பதைவிடக் கெட்டியாக.

அடுக்களையிலிருந்து சோறு வடித்த ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் வடிக்கவில்லை.

படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கொக்கி காலி.

கட்டிலோரம், தரையில், யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகு இந்தப் பக்கம். கடுகு மஞ்சள் டாப். முதுகின் நடுவில் ஈரம். அவளுடைய உயரம். அவளுடைய ஒற்றைப் பின்னல். கை சோற்றை உருட்டியது. ஊட்டியது. மறுபடி உருட்டியது.

மடியிலிருந்து தலையை நிமிர்த்தி, சீனி அந்த முகத்தைப் பார்த்தது. கண் கொட்டாமல் பார்த்தது. வால் அடித்துக்கொண்டே இருந்தது.

"சீனி" என்றாள் ரோகிணி. காற்றுதான் வந்தது.

நாய் திரும்பியது. வால் நின்றது. முதுகு மயிர் கழுத்திலிருந்து எழுந்தது. உதடு சுருண்டு பல் தெரிந்தது. அவளைப் பார்த்துத்தான். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல.

சோறு ஒட்டிய கை அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தது.

"ஒண்ணுமில்ல, சீனி." ரோகிணியின் குரல். நாள் முழுக்க வேலை செய்து களைத்த குரல். "யாரோ வந்திருக்காக. நீ சாப்புடு."

பிறகு அந்த உருவம் எழுந்தது. முகத்தைத் திருப்பவில்லை. முதுகைக் காட்டியபடியே, பின்பக்கமாக, ஒவ்வோர் அடியாக அவளை நோக்கி நடந்து, கதவைச் சாத்த வந்தது.