நல்ல காரம்

தென்முனைக் குடியிருப்பில் காலை மணி அடித்ததும் எல்லோருடைய துக்கமும் குறைக்கப்பட்டது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. மணி அடிக்கும், குழாயில் தண்ணீர் வரும், பின்கழுத்தில் தோலுக்கு அடியில் பதித்திருக்கும் சமனி ஒருமுறை சில்லிட்டு அடங்கும். முந்தின நாள் மனத்தில் ஏதாவது பாரம் சேர்ந்திருந்தால் அத்தோடு போய்விடும். பல் தேய்த்துக்கொண்டே மக்கள் துக்கத்தைத் தொலைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள்.

நிலவில் முதன்முதலாகக் குடியேறியவர்களுக்குச் சமனி கிடையாது. அவர்கள் பூமியை நினைத்து அழுதார்கள். அழுத கண்ணோடு காற்றுக்குழாயின் வால்வைத் தவறான பக்கம் திருப்பினார்கள். ஒருவருக்குக் கண் மறைத்தால் ஒரு தளமே மூச்சுத் திணறும் இடம் அது. ஆகவே பேரவை கூடி, அழுகை தனிமனித விவகாரமல்ல என்று முடிவு செய்தது. அதற்குப் பிறகு அங்கே பிறந்த யாரும் மனம் நொந்து அழுததில்லை. வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வரும். தூசி விழுந்தால் வரும். மற்றபடி கண்ணுக்கு வேலை பார்ப்பது மட்டும்தான்.

பொற்கொடியும் அங்கே பிறந்தவள்தான். மகள் முகில் இறக்கும் வரை அவளுக்குச் சமனியைப் பற்றி ஒரு புகாரும் இருந்ததில்லை.

மேல்தளப் பள்ளிக்கூடத்தில் காற்றடைப்புக் கதவு ஒன்று பிசகியதில் முகில் போனாள். மேகமே இல்லாத ஊரில் மேகத்தின் பெயர் வைத்து வளர்த்த பெண். அன்றைக்குப் பொழுது முழுக்கப் பொற்கொடியின் பின்கழுத்து பனிக்கட்டி வைத்ததுபோல் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவள் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் கணவர் அருமைநாயகம் மறுநாளே தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வேலைக்குப் போனார். வீட்டில் அதன்பிறகு முகிலின் பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

சமனி நினைவைத் தொடுவதில்லை, வலியை மட்டுமே எடுக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் வலி போன நினைவு ஒட்டாமல் நின்றது. முதலில் முகிலின் குரல் போனது. பிறகு அவள் மாடிப்படி இறங்கும் தினுசு. ஒருநாள் காலையில் பொற்கொடி கண்ணாடி முன்னால் நின்று, குழந்தைக்கு உடைந்திருந்தது இடதுபக்கப் பல்லா வலதுபக்கப் பல்லா என்று யோசித்தாள். தெரியவில்லை. பயம் வந்தது. பின்கழுத்து சில்லிட்டது. பயமும் போனது.

அதே வாரம் சூடான அடுப்புத் தட்டில் அவள் விரலைச் சுட்டுக்கொண்டாள். அந்தக் கணத்தில், எங்கிருந்தோ, முகிலின் முகம் முழுசாக வந்து நின்றது. இடதுபக்கப் பல். கன்னத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கை. கூடவே அந்த வலியும் வந்தது. விரலின் எரிச்சல் அடங்கியதும் பின்கழுத்து சில்லிட்டு எல்லாம் மங்கியது.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுட்ட கை கத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மனிதன் வெந்துபோவான். அதனால் உடல் எரியும்போது சமனி ஒதுங்கி நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஆபத்தில்லாமல், கொஞ்ச நேரம் நின்று எரிகிற ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும்.

அது வீட்டிலேயே முளைத்திருந்தது.

ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் ஒரு செடிப்பெட்டி உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விதை கொடுத்தபோது மற்றவர்கள் தக்காளியும் கீரையும் வாங்க, முகில் நாக மிளகாயைக் கேட்டு வாங்கினாள். யாராலும் தின்ன முடியாது, அரைமணி நேரம் வாய் எரியும் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். "நான் தின்னு காட்டறேன், பாரும்மா" என்றாள். அந்த விதையோ வாரக்கணக்கில் அசையவில்லை. முகில் தினமும் குனிந்து, "எழுந்திரு, தூங்குமூஞ்சி" என்று மண்ணைத் திட்டுவாள். அவள் போன பிறகுதான் அது தலையை நீட்டியது.

இப்போது முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, கிளை பிரிந்து, மொட்டு வைத்திருந்தது. ஒரு பழம் வந்தால் போதும் என்று பொற்கொடி நினைத்தாள். பாதி தனக்கு, பாதி அவருக்கு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே ஒருமுறை, பிள்ளையின் பெயரைச் சொல்லி அழ வேண்டும். தனியாக அழ அவளுக்கு இஷ்டமில்லை. பெற்றது இரண்டு பேரும்தானே.

ஆனால் பூக்கள் உதிர்ந்தன. வெளிர்ப்பச்சை ஓடிய வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கி, ஓரிரு நாளில் காம்பு மஞ்சளித்து, செடிப்பெட்டியில் விழுந்து கிடந்தன. மிளகாய்ப் பூ ஒன்றுக்குள்ளேயே ஆணும் பெண்ணும் இருக்கின்றன. பூமியில் காற்று ஆட்டும், தேனீ உலுக்கும், மகரந்தம் கீழே கொட்டி நடுவில் இருக்கும் சூல்முடியில் ஒட்டிக்கொள்ளும். இங்கே பூவை ஆட்டும் அளவுக்குக் காற்று வீசாது. தேனீ படத்தில்தான் உண்டு. எடை குறைந்த நிலவில் மகரந்தம் விழக்கூட அவசரப்படாது.

அடுத்த பூ விரிந்த அன்று அருமைநாயகம் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"என் பல் பிரஷ் எங்க?"

"எங்கிட்ட இருக்கு."

"உன்னோடது என்னாச்சு?"

"உங்களோடதுதான் நல்லா அதிருது. பூவுக்கு எடுத்தேன்."

அவர் ஈரத் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "பூவுக்குப் பல் முளைச்சிருக்கா?"

"காம்புல வெச்சா மகரந்தம் உதிரும். நீங்க சும்மா இருங்க."

உதிர்ந்தது. ஊதா மகரந்தப்பையிலிருந்து மெல்லிய பொடி புறப்பட்டு, சூல்முடியைத் தொடாமல், புகைபோல ஜன்னல் பக்கம் நகர்ந்தது. இருவரும் அது போவதையே பார்த்தார்கள். அருமைநாயகம் பிரஷைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா வேலை ஓய்ந்தவள். கணவரை இழந்து பல வருஷம் ஆகிறது. அவளுக்குப் பொழுது போக இந்தப் பூ விவகாரம் போதுமானதாக இருந்தது.

"காலங்காத்தால போய் உலுக்கறியே, அப்ப பை வெடிச்சிருக்காதுடி. வெளிச்சம் ஏறட்டும்" என்றாள்.

"வெளிச்சம் ஏறினா பறந்துடுதுக்கா."

"அடியில கரண்டியப் பிடி. பிடிச்சதத் தொட்டு வை. சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற மாதிரிதானே."

பொற்கொடி கறுப்புக் கரண்டி ஒன்றைப் பூவின் அடியில் பிடித்தாள். பொடி அதில் வந்து படிய, அவள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். எடுத்துத் தடவ மெல்லியதாக ஒன்று வேண்டியிருந்தது. முகிலின் பெட்டியில் ஓவியத் தூரிகை கிடந்தது. முனையில் நீலம் காய்ந்திருந்தது. அதைக் கையில் எடுத்ததும் பின்கழுத்து சில்லிட்டது. அவள் பொருட்படுத்தாமல் நீலத்தைக் கழுவி, பொடியைத் தொட்டு, சூல்முடியில் வைத்தாள்.

காம்பு பச்சையாகவே நின்றது. இதழ் பழுப்பேறிச் சுருண்டு, அடியில் ஒரு கடுகு அளவுக்கு உருண்டை தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த பூக்களும் பிடித்தன.

முதல் பழம் செக்கச்செவேலென்று, மேலெல்லாம் முடிச்சு முடிச்சாக, பார்க்கவே கோபமாக இருந்தது. விடுமுறை நாளின் மதியச் சாப்பாட்டில் பொற்கொடி அதை நடுவே வகிர்ந்து, ஒரு பாதியை அருமைநாயகத்தின் தட்டில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"முகில் வெச்ச செடிங்க."

அந்தப் பெயர் வீட்டுக்குள் அத்தனை மாதம் கழித்து ஒலித்தது. அவர் கை தானாகப் பின்கழுத்துக்குப் போய்த் திரும்பியது. கொஞ்ச நேரம் பழத்தைப் பார்த்தார். பிறகு அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவளும் போட்டுக்கொண்டாள்.

முதலில் ஒரு பழ வாசனை, ஏதோ இனிப்புப் போல. அடுத்த கணம் நாக்கு, தொண்டை, காது என்று தீ ஏறியது. சமனி ஒதுங்கிக்கொண்டது. ஒதுங்கிய இடத்தில் முகில் வந்தாள். படியில் இரண்டிரண்டாகத் தாவி வந்தாள். பல் தெரியச் சிரித்தாள். தூங்குமூஞ்சி என்றாள். பொற்கொடிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தன்னிடம் அப்படி ஒரு சத்தம் இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. கண்ணீர் கன்னத்தில் பெரிய துளிகளாகத் திரண்டு, விழ மனமில்லாததுபோல் அங்கேயே நின்றது.

எதிரே அருமைநாயகத்தின் தோள்கள் குலுங்கின. அவர் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார். வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தார். அவள் காத்திருந்தாள்.

"காரம்" என்றார். "அப்பா, என்ன காரம்."

அவள் நாவின் நுனியிலும் பிள்ளையின் பெயர்தான் இருந்தது. ஆனால் அவர் அப்படிச் சொன்ன பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஆமாங்க. நல்ல காரம்" என்றாள்.

அடுத்த பழத்தில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த பழத்திலும் அவர் அதையே சொன்னார்.

ரெஜினா அக்கா பங்கு கேட்டு வந்தாள். "சனியன், உயிரை எடுக்குதுடி" என்று திட்டிக்கொண்டே அரைமணி நேரம் சுவரில் சாய்ந்து அழுதாள். போகும்போது இன்னொன்றைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் வழியாகச் செய்தி தளம் தளமாக இறங்கியது. ஜனங்கள் விதை கேட்டு வந்தார்கள். ஜன்னல்தோறும் நாக மிளகாய் நின்றது. கரண்டியும் தூரிகையுமாக ஊரே பூக்களின் அடியில் தவம் கிடந்தது.

கடைசியில் செடி அதிகாரி மாசிலாமணி வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"அம்மா, உங்க மேல புகார் வந்திருக்கு. இது சமையல் செடிதானா?"

"சமையலுக்குத்தான் சார்."

"இவ்வளவு காரத்த யாரு சமைப்பாங்க?"

செடியைப் பிடுங்கிவிடுவாரோ என்று பொற்கொடி பெட்டிக்கு முன்னால் நகர்ந்து நின்றாள். அதிகாரி வாசலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு குடுங்க. சோதிச்சுப் பார்க்கணும்."

நின்றபடியே தின்றார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அண்ணன் ஒருத்தர் இருந்தார்" என்று ஆரம்பித்தார். உடனே, "நல்ல காரம்மா" என்று முடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் எழுதிய அறிக்கை பேரவைக்குப் போனது. மிளகாய் தின்றவர்கள் மறுநாள் ஒழுங்காக வேலைக்கு வருகிறார்கள், வால்வைச் சரியான பக்கமே திருப்புகிறார்கள், முன்னைவிட நன்றாகத் தூங்குகிறார்கள் என்று அதில் இருந்தது. பேரவைக்கு அது வசதியாக இருந்தது. சமனிக்கு உதிரிபாகம் பூமியிலிருந்து வர வேண்டும், அங்கே அனுப்ப ஆளில்லை. வரும் முதல் தேதியிலிருந்து சமனி நிறுத்தப்படும், துக்கம் அவரவர் பொறுப்பு என்று அறிவித்துவிட்டார்கள்.

அதைக் கேட்டதும் பொற்கொடி செடியைக் கவனிப்பதை விட்டாள். இனி மிளகாய் எதற்கு. பூக்கள் உதிர்ந்தன. இலைகள் சுருண்டன. அவள் தூரிகையைக் கழுவித் துடைத்து முகிலின் பெட்டியில் வைத்தாள். அந்த நாளுக்காகக் காத்திருந்தாள்.

மணி அடித்தது. குழாயில் தண்ணீர் வந்தது. பின்கழுத்து சில்லிடவில்லை.

அன்று வேலைக்குப் போகும் வழியில் பார்த்தாள். நடைபாதையில் எதிர்ப்பட்டவர்களில் பாதிப் பேருக்குக் கண் சிவந்திருந்தது. ஒருவரையொருவர் பார்த்ததும் கையிலிருந்த மிளகாயை உயர்த்திக் காட்டினார்கள். மிளகாய் இல்லாதவர்கள் உதட்டைத் தொட்டுக் காட்டி, "காரம்" என்றார்கள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். அழுவது வெட்கம் என்று அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. அழுதே பழகாதவர்களுக்கு அதை மறைக்க யார் பழக்கியது? ரெஜினா அக்கா தன் வீட்டு வாசலில் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். பொற்கொடி நின்றாள். "அக்கா..."

"போடி, நேரமாச்சு. இந்த முறை பழம் ரொம்ப முத்திடுச்சு" என்றாள் அக்கா. அவள் வீட்டுச் செடி பட்டுப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு அருமைநாயகமும் பொற்கொடியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜன்னலில் முகிலின் செடி குச்சியாக நின்றது. அருமைநாயகம் அதைப் பார்த்தார். குனிந்து சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். அவர் கன்னத்தில் ஒரு துளி திரண்டு நின்றது.

"என்னங்க?" என்றாள் அவள்.

பின்கழுத்து சில்லிடும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். இல்லை. எல்லாம் வந்தது. பல், பருக்கை, படியில் தாவும் கால்கள். எதுவும் குறையாமல் வந்து நின்றது. தடுக்க இனி எதுவுமில்லை. அவர் நிமிர்ந்து, "முகில்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அல்லது அவள் சொன்னால் போதும்.

"காரம்" என்றார் அருமைநாயகம்.

தட்டில் வெறும் தயிர்சோறு இருந்தது.

பொற்கொடி தன் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள். தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஆமாங்க" என்றாள். "நானே சொல்ல நெனச்சேன். இன்னிக்குக் கொஞ்சம் காரம் ஜாஸ்திதான்."