மூன்றாவது மங்கல்

மணி அடித்தது.

சமையலறையில் பால் ஆற்றிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. வாசல் மணி அல்ல. கைப்பேசியும் அல்ல. கூடத்து மேசையில் இருந்த கணினியில் அவளே பொருத்தி வைத்த மணி அது. பெரியவரின் முகத்துக்குக் குறுக்கே வாண்டு வரும்போது மட்டும் அடிக்க வேண்டிய மணி. வாண்டு வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

பெரியவர் ஒரு விண்மீன். நடுவயது தாண்டி, வயிற்றில் எரிபொருள் தீர்ந்து, மெல்ல வீங்க ஆரம்பித்துவிட்ட விண்மீன். துணைப் பெருமீன் என்பது புத்தகப் பெயர். பெரியவர் என்பது ஆய்வுக்கூடத்தில் வைத்த செல்லப் பெயர். வாண்டு, அவரை மிக நெருங்கிச் சுற்றிவரும் கோள். அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அது குறுக்கே போகும்போது பெரியவரின் ஒளி ஒரு துளி மங்கும். கொஞ்ச நேரம் மங்கியே நிற்கும். பிறகு பழையபடி தெளியும். அந்த மங்கலைப் பிடிப்பதுதான் அவள் வேலை. வீங்கிக்கொண்டே போகும் பெரியவர் ஒருநாள் வாண்டை விழுங்கிவிடுவார். அதற்குப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று அவளே கணக்குப் போட்டு ஒரு கட்டுரையும் எழுதியிருந்தாள்.

தொலைநோக்கி இருந்தது பூமியின் மறுபக்கத்தில், ஒரு மலையுச்சியில். இங்கே பிற்பகல் என்றால் அங்கே இரவு. அதனால் அவளுடைய ராத்திரி வேலையெல்லாம் பட்டப்பகலில், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே நடந்தது.

திரையைப் பார்த்தாள். நேராக ஓடிக்கொண்டிருந்த புள்ளிகள் மெல்லக் கீழே சரிந்து, ஒரு கிண்ணம் போல் வளைந்து, மறுபடி மேலேறிக்கொண்டிருந்தன. அழகான மங்கல். பாடப்புத்தகத்தில் போடலாம்.

"தூசியா இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பால் தம்ளரோடு மகளின் அறைக்கு நடந்தாள்.

நேற்றிலிருந்து குட்டிக்குக் காய்ச்சல். வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்று அழுததால் ஜன்னல்களிலெல்லாம் தடித்த திரையை இழுத்து விட்டிருந்தாள். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, வீட்டுக்குள் மட்டும் அந்தி இறங்கி உட்கார்ந்திருந்தது. எரிந்தவை இரண்டே விளக்குகள்: அறைக்கு வெளியே நடையில் ஒரு வெள்ளை பல்பு; குட்டியின் தலைமாட்டில், முக்காலி மேல், ஆரஞ்சுப் பழம் அளவில் ஒரு மஞ்சள் உருண்டை விளக்கு. அறைக்குள் மருந்து வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து நின்றன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, தண்ணீர் வற்றிப்போன பாத்திரத்தை அடுப்பிலேயே மறந்து விட்டுவிட்டால் வருமே, அந்தச் சுட்ட உலோக வாடை. அவள் திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அடுப்பை அணைத்தது நன்றாக நினைவிருந்தது.

"குட்டி, பால் குடிக்கிறியா?"

"ம்ஹூம்." கண்ணைத் திறக்காமலே சொன்னது குழந்தை. "நீ முதல்ல உக்காரும்மா. உனக்குக் கால் வலிக்கலியா?"

"எனக்கு எதுக்குடி வலிக்கப் போகுது?"

"இவ்ளோ நேரமா கட்டிலச் சுத்திட்டே இருந்தியே."

அவள் சிரித்தாள். காய்ச்சலில் பழைய விளையாட்டு ஞாபகம் வந்திருக்கிறது. போன வாரம்தான் கட்டிலை அறை நடுவே இழுத்துப் போட்டு, குட்டியைப் பெரியவராக நடுவில் உட்காரவைத்து, கையில் ரப்பர் பந்தோடு அவளே வாண்டாகச் சுற்றிச் சுற்றி வந்து காட்டினாள். பந்து குறுக்கே வரும்போதெல்லாம் உருண்டை விளக்கின் வெளிச்சம் சுவரில் மங்கியதைப் பார்த்துக் குட்டி கைதட்டியது. கடைசியில் பெரியவர் வாண்டை விழுங்கிவிடுவார் என்றதும் முகம் வாடிவிட்டது.

"விழுங்க மாட்டாரு. பாவம், எவ்ளோ நாள் சுத்தும்? கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவாரு," என்றது குட்டி அன்றைக்கு.

குட்டியின் சுபாவமே அதுதான். யார் கட்டிலருகே வந்தாலும் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். அம்மாவுக்கு இடம், துணி முயலுக்கு இடம், ஒருமுறை ஊசி போட வந்த டாக்டருக்குக்கூட இடம்.

"நான் இப்பதாண்டி உள்ள வரேன்," என்றாள்.

"அப்போ அது யாரு? உக்காரச் சொன்னேன். கேக்கல."

நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. மருந்தைக் கொடுத்து, ஈரத்துணியை மாற்றிப் போட்டுவிட்டு எழுந்தாள்.

கூடத்தில் மறுபடி மணி அடித்தது.

அறை வாசற்படியில் ஒரு காலும் நடையில் ஒரு காலுமாக நின்றிருந்தாள் அவள். சுவரில் விழுந்திருந்த மஞ்சள் வட்டம் மெல்ல, மிக மெல்ல, யாரோ அதன் மேல் நீர்த்த மையைப் பூசுவது போல் மங்கியது. மற்றவர்கள் என்றால் கவனித்திருக்க மாட்டார்கள். அவளுக்கு அதுதானே பிழைப்பு. தொழில் பழக்கத்தில் தலை தானாகத் திரும்பியது, சாட்சியைப் பார்க்க.

ஒரு விண்மீன் மங்கினால் பக்கத்து விண்மீனைப் பார்க்க வேண்டும். அதைச் சாட்சி என்பார்கள். இரண்டும் சேர்ந்து மங்கினால் மேகம். சாட்சி மங்காமல் நின்றால் குறுக்கே ஏதோ போகிறது.

நடை பல்பு துளி அசையாமல் எரிந்தது.

மின்சாரக் கோளாறு இல்லை. மஞ்சள் வட்டம் மங்கியபடியே நின்றது. பிறகு ஓரத்திலிருந்து தெளிந்தது. தெளியும்போது, கட்டிலின் அந்தப் பக்கத்தில், பாரமான எதையோ தரையில் தேய்த்துக்கொண்டு போவது போல் ஒரு சத்தம் கேட்டு நின்றது.

அவள் கைப்பேசியை எடுத்து மலைக்கு அடித்தாள். தொலைநோக்கியை இயக்குகிற ஆபரேட்டர் எடுத்தார்.

"என்னம்மா அவசரக்குடுக்கை, இன்னிக்கு லீவுன்னாங்க?"

"அண்ணா, பெரியவர் ஒளி குறையுது. ரெண்டு தடவை குறைஞ்சிடுச்சு. அங்க என்ன பண்றீங்க?"

"போர்வையப் போத்திட்டு உக்காந்திருக்கேன். ஒளியாவது குறையறதாவது? சாயங்காலத்துலேர்ந்து இங்க பனி கொட்டுது. கூரையத் திறக்கவே இல்ல."

"திறக்கலியா?"

"திறந்தா கண்ணாடி மேல பனி விழும், என் வேலையும் போகும். இறுக்கி மூடிக் கெடக்கு. பழைய பதிவு ஏதாவது ஓடுதான்னு பாரும்மா."

பார்த்தாள். கூடத்துத் திரையில் ஓடியது பழைய பதிவு இல்லை. அவள் பார்க்கப் பார்க்கவே புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. மூடிய கூரைக்கு அடியில் இருக்கிற கண்ணாடி எதைப் பார்க்கிறது? இரண்டாவது கிண்ணம் முதல் கிண்ணத்தைவிட ஆழமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே இடைவெளியும் மிகக் கொஞ்சம். சுற்று சுருங்கிவிட்டது. எதையோ நெருங்கிக்கொண்டு வருகிறது.

கைப்பேசி அதிர்ந்தது. அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு.

"குழந்தைக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதான்க்கா."

"உன் குரலே சரியில்லையே. என்ன?"

"ஒண்ணுமில்ல. குழந்தை ரூம்ல விளக்கு ஒரு மாதிரி எரியுது. ஏதோ... குறுக்க போற மாதிரி."

"வீட்டுக்காரரும் ஊர்ல இல்ல, திரையெல்லாம் மூடிட்டு இருட்டுல உக்காந்திருந்தா அப்படித்தான் தோணும். பேசாம குழந்தையத் தூக்கிட்டு இங்க வா. நான் வண்டிய எடுத்துட்டு வரேன், வாசலுக்கு வந்து நில்லு."

சரி என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. மூன்று மங்கல் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டே மங்கலை வைத்துக்கொண்டு புதுக் கோள் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஊரைக் கூட்டினாள். கடைசியில் அது கண்ணாடியில் ஒட்டிய தூசி. அன்றைக்கு விழுந்த பெயர்தான் அவசரக்குடுக்கை. அதன் பிறகு எதற்கும் அவள் அவசரப்பட்டதில்லை.

"இரு அக்கா. இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்."

"இன்னொரு தடவை என்னத்தப் பாக்கப் போற? உன் பொண்ணு என்ன உன் நட்சத்திரமா, தூரத்துலேர்ந்து பாத்துட்டே உக்கார?"

அவள் அழைப்பை முடித்தாள். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அறை வாசற்படியில் உட்கார்ந்தாள். கட்டிலருகே உட்காரலாம்தான். ஆனால் அங்கிருந்து சாட்சி தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்தால்தான் இடது கண்ணோரம் வெள்ளை பல்பும் வலது கண்ணோரம் மஞ்சள் விளக்கும் ஒருசேரத் தெரியும். வேலை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கூர்ந்து கேட்கக் கேட்க, குளிர்பெட்டியின் முனகல், குழாயிலிருந்து சொட்டும் நீர், தெருவில் எங்கோ ஒரு வண்டி பின்வாங்கும் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக விலகிப்போய், குட்டியின் மூச்சு மட்டும் மிஞ்சியது. அந்த மூச்சுக்கு வெளியே, அதைச் சுற்றி, இடமிருந்து வலமாக ஓயாமல் நகர்கிற வேறு ஒரு சத்தமும். கல்லைக் கல்லோடு தேய்ப்பது போல். சுட்ட வாடை தொண்டையில் காந்தியது. தரை ஓடு உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. கட்டிலின் கால்களைச் சுற்றி அந்த ஓட்டில் வட்டமாக ஒரு தடம் சூட்டில் மங்கலாகப் பழுத்திருப்பதை இப்போதுதான் பார்த்தாள். அதற்கு உள்ளே இன்னொரு வட்டம். அதற்கும் உள்ளே இன்னொன்று.

பந்தோடு அவள் சுற்றிவந்த அதே தடம். நெருங்கி நெருங்கி.

மணி அடித்தது.

மூன்று.

எழுந்தாள். கால் மரத்திருந்தது. பல்பைப் பார்த்தாள். சாட்சி அசையவில்லை. விளக்கைப் பார்த்தாள்.

விளக்குக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் விளக்கு பாதி இல்லை. வட்டமான ஒரு இருட்டு அதைக் கடித்திருந்தது.

"குட்டி."

இருட்டு நகர்ந்தது. முக்கால்.

"குட்டி, எழுந்திரு. அம்மாகிட்ட வா."

முழுசும்.

மணி நிற்கவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழையாக நீண்டு, ஒரே ஓலமாக. கட்டிலில் துணி சரசரத்தது. யாரோ ஒருக்களித்துப் படுக்கும் சத்தம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

"நகராதடி," என்றாள். கத்தினாளா, நினைத்தாளா, தெரியவில்லை. "குட்டி, நகராத."

விளக்கு வெடிப்பது போல் எரிந்தது. மஞ்சள் இல்லை. வெள்ளை. அறையில் ஒரு நிழல்கூட மிச்சமில்லாத வெள்ளை. பிறகு அது தணிந்து, பழைய மஞ்சளுக்கு வந்து நின்றது.

மணி ஓய்ந்தது.

ஓடினாள். கட்டிலில் குட்டி இருந்தது. முழுசாக இருந்தது. கை, கால், கலைந்த தலைமுடி, கன்னத்தில் தலையணையின் கோடு. நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் விட்டிருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சுட்ட வாடை இல்லை. தேய்க்கிற சத்தம் இல்லை. அறையில் எதுவும் சுற்றவில்லை.

எப்போதும் போல் அவளுக்காக ஓரத்துக்கு நகராமல், கட்டிலின் நட்டநடுவில் மல்லாந்து கிடந்தது குழந்தை. மார்பு ஏறி இறங்கியது. மூச்சு வெளியே வந்து முடிவதற்குள், அதற்கு அடியிலிருந்து, இன்னொரு மூச்சு உள்ளே போனது.

"இப்ப எப்படிடா செல்லம் இருக்கு?"

கண்கள் திறந்தன. புதிதாகக் குடிவந்த வீட்டின் கூரையைப் பார்ப்பது போல் அவளை மேலும் கீழும் பார்த்தன. பிறந்ததிலிருந்து அவளை நீ என்றே கூப்பிட்டுப் பழகிய வாய், அதே மழலைக் குரலில், மரியாதையாகச் சொன்னது:

"நீங்க பயப்படாதீங்க, இனிமே நான் சுத்த மாட்டேன். உங்க பொண்ணு நகர்ந்து இடம் விட்டுட்டா."