சிசிலியாவின் தனி அடுப்பு

எண்பத்து நான்காம் ஆண்டு என்றால் சிசிலியாவுக்கு இன்றும் நெஞ்சு இளகிவிடும். தங்கையை அவள் அழவைத்த ஆண்டு அல்லவா அது!

குருநகரில் ஒருநாள் காலை, வீட்டு வளவுக் கொட்டிலில் மூன்று கல் வைத்துத் தனக்கென்று கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். யசிந்தா குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

“அக்கா! என்ரை சமையல் உனக்குக் கசந்து போச்சோ? என்ரை மனுசன் ஏதும் சொன்னவரோ? சொல்லன்...!”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. இனி நான் தனியத்தான் சமைப்பன்.”

தாய் தகப்பனில்லாத தங்கையை வளர்த்து, இருந்த ஒரே வீட்டையும் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தவள் சிசிலியா. விதவையானபின் அதே வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தாள். அவளா அடுப்பைப் பிரிப்பது!

இருவரும் மீன் விற்பவர்கள். சந்தையில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை; மத்தியானம் வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். மீனவர் சங்கத்திலோ தனியே உலை வைக்கும் ஓர் அடுப்புக்கு ஒரு வாக்கு, அதுவும் ஆம்பிளைக்கு. அதை மாற்ற, அதற்கு முன் இரண்டு வருடம் அக்காவும் தங்கையும் ஒரே குடைக்குள் சண்டை பிடித்தபடி வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஆண் இல்லாத அடுப்புக்குப் பெண் வாக்களிக்கலாம் என்று சங்கத்தைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் சிசிலியாவுக்குச் சிரிப்புத்தான் வரும்.

அடுப்பு பிரிந்த அந்த வாரமே சங்கச் செயலாளர் தேவராசா வழக்கம்போல் அடுப்புக் கணக்கெடுக்க வந்தார்.

“உண்மையாப் பிரிஞ்சிட்டியளோ?”

“ஓம்! பிரிஞ்சிட்டா! செத்தாலும் இவவின்ரை முகத்திலை முழிக்கமாட்டன்!” யசிந்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கோபத்தில் அவளுக்கு வேறொன்றும் ஓடவில்லை. தேவராசா அதை நம்பிச் சிசிலியாவின் பெயரைத் தனி அடுப்பாகப் பதிந்தார்.

மூன்று வாரம் இருவருக்கும் பேச்சில்லை.

பிறகு கூட்டம் வந்தது. கக்கூஸ் கட்டுவதற்குக் கை தூக்கச் சொன்னார்கள். யசிந்தாவின் புருஷன் கனிசியஸ் மனைவிக்குப் பயந்து தூக்கினான். எதிராக நாற்பது, ஆதரவாக நாற்பத்தொன்று! வாக்கில்லாமல் வாசலில் நின்ற யசிந்தா, உள்ளே உயர்ந்திருந்த அக்காவின் கையைக் கண்டாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

பின்னேரம் கொட்டிலுக்கு வந்து அக்காவின் காலடியில் விழுந்தாள்.

“எவ்வளவு ஏசினன்... ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா தேவராசாவுக்கு முன்னாலை அப்பிடி அழுதிருப்பியே? உனக்குப் பொய் வராது பிள்ளை.”

“சரி, இனி எங்களோடை வந்து சாப்பிடு.”

“மாட்டன். அடுப்பு அணைஞ்சா வாக்கும் போயிடும். அடுத்தது ரோட்டு லைற்றுக்குக் கை தூக்க வேணும்.”

யசிந்தா அக்காவைக் கட்டிப்பிடித்து விம்மினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

“ஓடி வாங்கோ! இண்டைக்குப் பெரியம்மா வீட்டிலை சாப்பாடு!”

பெரியம்மா வீடு! சிசிலியா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.