ஊற விட்ட பூவல்

1980 ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரையில், பல்கலைக்கழக லொறி ஒன்று இரசாயனகூடத்தின் கழிவுச் சாடிகளை மணற்குழி ஒன்றுக்குள் இறக்கியது.

குடத்தோடு வந்த மீனலோசனி அப்படியே நின்றுவிட்டாள். சரவணைப் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவள். சாடிக்குள் இருந்த அந்தச் செம்மஞ்சள் என்னவென்று தூரத்திலேயே தெரிந்தது.

"நிப்பாட்டும்! என்ன வேலை பாக்கிறீர்?"

குழிக்குள் நின்றவன் நிமிர்ந்தான். வெள்ளைச் சேர்ட், முழங்கை வரை இறப்பர்க் கையுறை... அந்தக் கண்கள்! களைத்த, பொய் பழகாத கண்கள். இந்தக் கண்களை வைத்துக்கொண்டா இந்த வேலை? அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது.

"கிட்ட வராதேயும், தங்கச்சி. குரோமிக் அமிலம். பட்டால் புண்ணாக்கும்."

"நான் உமக்குத் தங்கச்சியில்லை. உம்மட கைக்கு உறை இருக்கு... எங்கட வயித்துக்கு?"

"வயித்துக்கோ? இது ஆரோ வெட்டிப்போட்டு விட்ட கிடங்குதானே..."

"கிடங்கோ! இது எங்கட பூவல்!"

அவன் பெயர் குகதாசன், இரசாயனகூட உதவியாளன்; ஊர் உரும்பிராய். செம்மண்ணில் கல்லுடைத்து, ஆழமாக இறக்கிக் கட்டியதுதான் அவனுக்குக் கிணறு. இங்கே மழைநீர் மணலுக்கடியில் மெல்லிய படலமாய் நிற்கும். ஆழம் போனால் உவர். அதனால் இடுப்பளவு தோண்டி, ஊறுவதை அள்ளிக் குடிப்பார்கள். அள்ளி முடித்தால் மறுபடி ஊற விடுவார்கள். அப்போது பூவல் வெறுங்குழி போலத்தான் கிடக்கும்.

"ஊற விட்டிருக்கு எண்டு ஓலை குத்தினனாங்கள். காணேல்லையே?"

அவன் மெல்லக் குனிந்து பார்த்தான். சாடிகள் ஒன்றோடொன்று முட்டாதிருக்க, தானே பிடுங்கி இடையில் செருகிய பனையோலை... அதற்கடியில் ஒரு சாடி வெடித்துக் கசிந்து, மணல் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"ஐயோ..." என்றான்.

"பாதரச உப்பும் இருக்கோ?"

"ஓம். வேற சாடியில. அது உடையேல்லை. இதுகளைப் பிரிச்சு, நடுநிலையாக்கி, பூட்டி வைப்பம் எண்டு கேட்டனான். இடமில்லையாம். சாட்டியில சும்மா மணல்தானே எண்டு எங்கட பெரியவர்..."

"சும்மா மணலோ! அந்தப் பெரியவர் தேத்தண்ணிக்கு எந்தத் தண்ணி ஊத்துறவர்?"

வானம் கறுத்தது. ஆவணியில் ஏது மழை? ஆனாலும் தூறியது... கதைகளில் காதலுக்கென்று வரும் மழை. அன்று அது எமனாக வந்தது; ஒவ்வொரு துளியும் அந்த மஞ்சளைக் கீழே இறக்கும்.

அவன் சாடிகளைத் தூக்கி லொறியில் ஏற்றினான். பிறகு நனைந்த மணலை வாளி வாளியாக அள்ளினான். அவள் சாக்கை விரித்துப் பிடித்தாள். அவன் தன் கையுறைகளைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"அப்ப உமக்கு?"

"பரவாயில்லை... போடும்."

அவள் போட்டுக்கொண்டாள். அவன் மண்வெட்டியை மட்டும் பிடித்தான். நனைந்த இமைகளுக்குள்ளிருந்து ஒருமுறை பார்த்தான். அவளும் பார்த்தாள்... உடனே முகத்தைத் திருப்பினாள்.

லொறியிலிருந்து சாரதி சில்வெஸ்ரர் கத்தினார். "தம்பி, திருப்பிக் கொண்டுவர வேண்டாம் எண்டெல்லோ பெரியவர் சொன்னவர்!"

"நான் சொல்லுறன், ஏத்துங்கோ அண்ணை."

புறப்படும்போது, "உங்களை ஒருக்காப் பாக்க வரலாமோ?" என்றான். 'நீர்' போய் 'நீங்கள்' வந்திருந்தது.

"முதல்ல ஊருக்கு முன்னால உண்மையைச் சொல்லும். அதுக்குப் பிறகு பாப்பம்."

அடுத்த ஞாயிறு சனசமூக நிலையத்தில் கூட்டம். அந்தப் 'பெரியவர்', துறைத்தலைவர், கதிரையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "கழுவின வெறும் சாடிகள். உந்த ரீச்சர்ப் பிள்ளை பயந்திட்டுது. நீங்கள் வழமைபோலத் தண்ணி அள்ளலாம்."

வழமைபோல! இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கும் வீடுகள் இருக்கின்றன. மீனலோசனி எழுவதற்குள் பின்வரிசையில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. இன்னும் நிரந்தரமாகாத வேலையில் இருந்த குகதாசன் எழுந்து நின்றான்.

"வெறும் சாடியில்லை. இறக்கினது நான். ஒண்டு வெடிச்சது. மணலை அள்ளினம், எண்டாலும் முழுக்க அள்ளினம் எண்டு சொல்ல ஏலாது. ஒருத்தரும் அதில தண்ணி அள்ளாதேயுங்கோ."

துறைத்தலைவர் சிரிக்கவில்லை. குகதாசனுக்கு வேலை போயிற்று.

மாரி முடிந்தபின் அவன் சைக்கிளில் வந்தான். பழைய பூவலுக்கு வெகுதூரத்தில், ஊரார் புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவனும் மண்வெட்டி எடுத்தான்.

"உரும்பிராயாருக்குப் பூவல் வெட்ட வருமோ?" என்றாள் மீனலோசனி.

"வராது... சொல்லித் தாங்கோவன்." மண்வெட்டியை மணலில் ஊன்றினான். "எனக்கு உங்களில நல்ல விருப்பம்."

அவள் குழியையே பார்த்தாள். அடியில் மணல் ஈரமாகத் தொடங்கியிருந்தது.

"எனக்கும்தான்... அண்டைக்கு அந்த மழைக்குள்ளையே. ஆனால் அப்பாட்டை நான்தான் முதல்ல கதைப்பன். கொஞ்சம் ஊற விடும்."

சொல்லிவிட்டு, விளிம்பில் ஓலை குத்தினாள்.

அடுத்த வைகாசியில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. பழைய பூவல் மூடப்பட்டது. சாடிகளை எங்கே கொண்டுபோனார்கள் என்று பல்கலைக்கழகம் சொல்லவில்லை.