நாலு கருகிய தட்டுகள்

வெள்ளிக்கிழமை, காலை 9.10.

ராய்ஸ் கெம்ப்பின் பட்டறை மேசையில் நான்கு கிளட்ச் தட்டுகள் கிடந்தன. நான்கும் கருகியிருந்தன. தொட்டால் கறுப்புத் தூள் விரலில் ஒட்டியது.

"மோந்து பாரு," என்றாள் நோரீன் மக்ரீடி. "புதுசுன்னு சொல்லி அந்த ஆர்லோ எனக்குப் போட்டது இதான்."

ஷெரிஃப் அலுவலகப் போலீஸ் டெபுடி வெர்னா டால் குனிந்து மோந்தாள். தீய்ந்த ரொட்டி வாடை.

நடந்தது இதுதான். நோரீனின் டிரக், குதிரை டிரெய்லரை மலைக்கணவாய்க்கு மேல் இழுக்கத் திணறியது. உள்ளூர் மெக்கானிக் ஆர்லோ பெக்ஸ்ட்ராம் அதன் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை முழுக்கப் பிரித்து, முன்பைவிட வலுவாகக் கட்டிக் கொடுத்தான். புதன்கிழமை வண்டி கைக்கு வந்தது. வியாழக்கிழமை நான்கு குதிரைகளோடு ஏறும்போது, ஐம்பத்தெட்டாவது மைலில் எஞ்சின் அலறியது, வண்டி நின்றுவிட்டது. குதிரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்பட வேண்டாம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வண்டியையும் டிரெய்லரையும், கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ராய்ஸிடம் இழுத்து வந்தார்கள். அவன் கியர் பாக்ஸைப் பிரித்துவிட்டு, காலையில் நோரீனுக்குப் போன் செய்தான்.

இன்னொன்றும் உண்டு. நோரீன் ஊர்த் தீயணைப்புப் படையின் கேப்டன். புல் காய்ந்து தீ பரவும் காலம் வருமுன் படையின் மூன்று வண்டிகளுக்கும் இதே வேலையைச் செய்தாக வேண்டும். ஆர்லோவும் கேட்டிருந்தான், ராய்ஸும் கேட்டிருந்தான். அன்று மாலை ஆறு மணிக்கு நோரீன் முடிவு சொல்ல வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஆர்லோ கடையை மூடுவதுதான்.

"ஏமாத்து வேலைன்னு எழுதிக்கோ, வெர்னா," என்றாள் நோரீன். "பன்னெண்டு வருஷமா அவன் கடையில காபி குடிச்சிருக்கேன். அதையும் சேத்து எழுதிக்கோ."

ராய்ஸ் கையைத் துடைத்துக்கொண்டான். "நான் யாரையும் குத்தம் சொல்ல வரலம்மா. தொறந்தேன், இருந்துச்சு, காட்டுறேன்."

"தொறக்கும்போது கூட யாரு?" என்றாள் வெர்னா.

"நானும் ரேடியோவும்."

"இந்த டிரம்லேருந்துதான் எடுத்தீங்களா?" தட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்த வட்டமான இரும்புக் கூட்டைக் காட்டினாள்.

"ஆமா. இது கெட்டியாப் புடிச்சாத்தான் வண்டி முன்னாடி நகரும். தட்டு நாலு, மேல மூடுற பிரஷர் பிளேட் ஒண்ணு. இருந்தது இருந்தபடி வச்சிருக்கேன். எண்ணெயைக்கூடத் துடைக்கல."

வெர்னா வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தாள். எங்கும் காய்ந்த சேறு. கியர் பாக்ஸிலிருந்து, எண்ணெயைக் குளிரவைக்கும் கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் மட்டும் கறுப்பாகப் பளபளத்தது. வெளியே, டிரெய்லரின் முன்பக்கம் பூராவும் சிவப்பு கியர் எண்ணெய்த் துளிகள். டிரக் சீட்டுக்குப் பின்னால், விரிப்பில் சதுரமாக ஓர் எண்ணெய்க் கறை. மூன்றையும் படம் எடுத்துக்கொண்டாள்.

"நோரீன், வண்டி எப்படிப் போச்சு?"

"நின்னு போச்சுன்னுதானே சொல்றேன்."

"நிக்கிறதுக்கு முன்னாடி."

நோரீன் யோசித்தாள். "பொய் சொல்ல மாட்டேன், நல்லாத்தான் போச்சு. ஒவ்வொரு கியரும் கெட்டியா விழுந்துச்சு. மேட்டுல திடீர்னு ஒரு வழுக்கு. அப்புறம் தீஞ்ச வாடை."

"சீட்டுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?"

"பெட்டி. கழட்டுன பழைய சாமானை, புதுசு வந்த பெட்டியிலயே போட்டு ஆர்லோ குடுத்துடுவான். மாத்திட்டேன்னு நாம நம்பணுமாம். யாரு அதைத் தொறந்து பாக்குறா? ராய்ஸ், அது எங்க?"

"பெட்டி எதையும் நான் பாக்கலையே," என்றான் ராய்ஸ்.

முற்பகல் 11.40. ஆர்லோவின் கடை.

அவன் உட்காரச் சொல்லவில்லை. எண்ணெய்க் கறை படிந்த ஒரு வேலைக் குறிப்புத் தாளை நீட்டினான்.

"நாலு தட்டு இருந்த எடத்துல அஞ்சு போட்டேன். எல்லாம் இதுல இருக்கு."

"அஞ்சுக்கு எடம் ஏது?"

"பிரஷர் பிளேட்டைச் சன்னமா மாத்திடணும். பழசுல பாதி தடிமன்தான் புதுசு. அதுல மிச்சமாகுற எடத்துல அஞ்சாவது உக்காரும்."

"அஞ்சுன்னு எழுதிட்டு, பழைய நாலையே போட்டு மூடலாமே?"

"போடலாம்." ஆர்லோ அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா?"

"கூலர் ஹோஸை மாத்துனியா?"

உதட்டுக்குப் போன காபிக் கோப்பை பாதியில் நின்றது.

"இல்ல," என்றான். இப்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெர்னா அதைக் குறித்துக்கொண்டாள். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

"கெளம்பு," என்றாள். "அந்தப் பக்கம் போகணும்."



பிற்பகல் 2.30. ராய்ஸின் பட்டறை.

ஆர்லோவைக் கண்டதும் நோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ராய்ஸ்," என்றாள் வெர்னா, "எப்படி இருந்துச்சோ அப்படியே டிரம்ல அடுக்குங்க."

நான்கு தட்டுகளும் உள்ளே போயின. மேலே பிரஷர் பிளேட். அதன்மேல் பூட்டு வளையம்.

"இப்போ காத்து அடிங்க."

இந்த வேலையில் அது ஒரு வழக்கம். கியர் பாக்ஸை மூடுமுன், எண்ணெய் போகும் துளையில் காற்றை அடித்துப் பார்ப்பார்கள். உள்ளே பிஸ்டன் எழுந்து, தட்டுகளை 'டொக்'கென்று இறுக்கும்.

ராய்ஸின் கை நகரவில்லை. "கருகுன தட்டுக்கு எதுக்கு அதெல்லாம்?"

ஆர்லோ காற்றுக் குழலை எடுத்து அடித்தான். உஸ்ஸென்று காற்று போனது. 'டொக்' வரவில்லை. வெர்னா விரலை விட்டுத் தட்டுகளைச் சுழற்றினாள். கையில் போட்ட வளையல் மாதிரி அவை லொடலொடத்துச் சுற்றின.

"தேஞ்சு போயிருக்கும்," என்றான் ராய்ஸ்.

"தேஞ்சா முடி அளவு எடைவெளி வரும்," என்றான் ஆர்லோ. "இதுல என் நகமே போகுது."

வெர்னா நோரீன் பக்கம் திரும்பினாள். "இது சன்னமான பிரஷர் பிளேட். ஆர்லோ போட்டது. அஞ்சு தட்டுக்கு மேல மட்டும்தான் இது பொருந்தும். இதுக்குக் கீழ நாலு இருந்திருந்தா, உன் வண்டி ஆர்லோ கடை வாசலையே தாண்டியிருக்காது. நீ நாலு குதிரையோட அம்பத்தெட்டு மைல் போயிருக்க."

நோரீன் மெல்லத் தட்டுகளைப் பார்த்தாள். பிறகு ராய்ஸைப் பார்த்தாள்.

"அஞ்சு தட்டோடதான் வண்டி இங்க வந்துச்சு," என்றாள் வெர்னா. "அதை எடுத்துட்டு, சீட்டுக்குப் பின்னாடி இருந்த பெட்டியிலேருந்து பழைய நாலையும் மேசையில வச்சது நீங்க, ராய்ஸ். அதே பெட்டியில தடிமனான பழைய பிளேட்டும் இருந்திருக்கும். அஞ்சு தட்டுக் கட்டு நீங்க கட்டுனதே இல்ல. அதனால அந்தப் பிளேட்டையும் மாத்தி வைக்கணும்னு உங்களுக்குத் தோணல."

"அப்போ வண்டி ஏன் நின்னுச்சாம்?"

"கூலர் ஹோஸ் வெடிச்சு எண்ணெய் பூரா வெளிய போயிருக்கு. டிரெய்லர் மொகத்தைப் பாருங்க. அது தெரிஞ்சா ஒரு ஹோஸோட பேச்சு முடிஞ்சிடும். அதான் புது ஹோஸை மாட்டிட்டீங்க. எண்ணெயைக்கூடத் துடைக்கலன்னு சொன்ன ஆளு."

3.05. கழிவு இரும்பு போடும் பீப்பாயின் அடியில் பெட்டி கிடைத்தது. மேலே ஆர்லோவின் கையெழுத்து: 'நோரீன் – பழையது.' உள்ளே ஒரு தடித்த பிரஷர் பிளேட், விளிம்பு மட்டும் கருகிய ஐந்து புதுத் தட்டுகள், ஒரு முழம் கிழிந்த ஹோஸ்.

ராய்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்தான். "நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிருப்பான்," என்றான். "மூணு வண்டி, வெர்னா. எப்படியும் அவனுக்குத்தான் போகும்னு ஊருக்கே தெரியும்."

நோரீன் ஆர்லோவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"ஹோஸ் தப்பு என்னுது."

யாரும் கேட்டிருக்கவில்லை. ராய்ஸ்மேல் பழி விழுந்தாகிவிட்டது. ஆறு மணிக்கு இன்னும் நேரமிருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம்.

"விரிசல் இருந்துச்சு, பாத்தேன். புதுசு வியாழக்கிழமைதான் வரும்னாங்க. நீ புதன்கிழமையே வேணும்னு நின்னே. ஒரு தடவை தாங்கும்னு விட்டுட்டேன்."

நோரீன் கிழிந்த ஹோஸை எடுத்து வளைத்தாள். வாய் போலப் பிளந்தது.

"நாலு குதிரை, ஆர்லோ."

"தெரியும்."

"நாளைக்கு இதுவே தீக்குப் போற வண்டியா இருந்தா, உள்ள ஆளு இருக்கும்."

"அதனாலதான் சொன்னேன்."

மாலை ஆறு மணிக்கு நோரீன் படை அலுவலகத்தில் முடிவைச் சொன்னாள். மூன்று வண்டியும் ஆர்லோவுக்கு. ஒரு நிபந்தனை: ஒவ்வொரு கியர் பாக்ஸையும் அவன் மூடும்போது அவள் பக்கத்தில் நிற்பாள்.

ஜூன் மாதம் முதல் வண்டி முடிந்தது. ஆர்லோ பெட்டியை நீட்டினான். இந்த முறை நோரீன் அதை பானெட்மேல் வைத்துத் திறந்தாள். நான்கு தட்டுகள். தடித்த பிளேட். எல்லாவற்றுக்கும் மேலே சுருட்டி வைத்த பழைய ஹோஸ்.

அவள் அதை எடுத்து, அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்த்தாள். எங்கும் விரிசல் இல்லை.

"இது நல்லாத்தானே இருக்கு, இதையும் ஏன் மாத்துனே?"

"இருக்கட்டும்," என்றான் ஆர்லோ.