காணாமல்போன மூன்று நாள் மின்சாரம்

மே 24, சனிக்கிழமை, காலை 8:10. ஜெர்மனி, பான் நகரம்.

மூன்று நாள் மின்சாரத்தைக் காணவில்லை.

அருட்பிரகாசத்தின் கைநடுக்கத்துக்கு ஓர் ஆய்வுக்குழு தலைப்பட்டி ஒன்றைக் கொடுத்திருந்தது. அறுவை இல்லை, ஊசி இல்லை. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகள் வழியே மெல்லிய மின்சாரம் மூளைக்குப் போகும். தினமும் ஒன்பது மணிக்கு, இருபது நிமிடம், வீட்டிலேயே. ஆனால் மே 3, 10, 17 ஆகிய நாட்களின் பதிவில் வெறும் பூச்சியம். இன்னொரு பூச்சியம் விழுந்தால் அவர் பெயரை நீக்கிவிடுவோம் என்று ஆய்வுத் தாதி அன்னா நேற்றுச் சொல்லிவிட்டாள்.

விசாரிக்க வந்தவள் கவிசா, குழுவின் இளைய உதவியாளர். குறிப்புப்புத்தகத்தில் முதல் வரி எழுதினாள்: "அங்கிள் பொய் சொல்கிறாரா?" மனம் கேட்கவில்லை. கேள்விக்குறியைத் தடிப்பாக்கினாள்.

"மூண்டு நாளும் சனிக்கிழமை, அங்கிள்."

"அப்பிடிக் கேளும் பிள்ளை!" என்றாள் அவர் மனைவி குமுதினி, பையைத் தோளில் மாட்டியபடி. "நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போற நாள். இவர் காட்ஸ் விளையாட ஓடியிருப்பார்."

"இஞ்சாரும், சத்தியமா கதிரையை விட்டு அசையேல்லை."

"கதிரையோ? சீட்டுக்கட்டுக்கு முன்னால இருந்த கதிரையோ?"

அவர் தேநீர் கொண்டுவந்தார். கோப்பையில் பாதிதான் இருந்தது. "முழுக்க ஊத்தினால் சிந்துது, பிள்ளை. முப்பது வருசம் இவவுக்குக் காலமைத் தேத்தண்ணி நான்தான். திரும்ப ஒரு முழுக் கோப்பை குடுக்கவேணும். அதுக்குத்தான் இதை மாட்டுறன்."

குமுதினி வாசலுக்குப் போகாமல் நின்றாள்.

8:25. பற்றரி சரி. பஞ்சு சரி. உப்புநீர் சரி. கதிரையின் தலைசாய்வில் ஒரு பழைய துவாய்த் துண்டு. குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருந்த ஜெர்மன் அறிவுறுத்தல் தாளில் வரிக்கு வரி சரி அடையாளம்: ஜெல் பூசக்கூடாது. ஸ்பிரே அடிக்கக்கூடாது. தலைமயிர் காய்ந்திருக்கவேண்டும்.

"எத்தினை மணிக்குக் குளிப்பீங்கள்?"

"ஏழு மணிக்கு. மற்ற நாளில தலையில தண்ணி படாது. சனிக்கிழமைதான் தலைமுழுக்கு. ஈரத்தோட மாட்டக்கூடாதெண்டு போட்டிருக்கே, அதாலை அண்டைக்கு எல்லாம் மிசினுக்குப் பிறகு."

"எல்லாத்துக்கும் ஒரு மறுமொழி வைச்சிருக்கிறார்," என்றாள் குமுதினி.

8:40. கவிசா பட்டியை அவர் தலையில் மாட்டிப் பார்த்தாள். பஞ்சிலிருந்து வடிந்த நீர் மயிரில் ஊறவில்லை. முத்து முத்தாக உருண்டு நெற்றியில் இறங்கியது. பிடரிப்பக்கத்தில் சிவப்பு வெளிச்சம்: மின்சாரம் ஓடவில்லை.

"பச்சைதானே எரியுது?" அவர் நம்பிக்கையோடு கேட்டார். பின்பக்கம் அவருக்கு எப்படித் தெரியும்?

கவிசா ஒரு துளியை விரலால் தொட்டாள். வழுக்கியது. முகர்ந்தாள். துவாயைத் திரும்பிப் பார்த்தாள்; தலை படும் இடத்தில் மஞ்சள் கறை. குறிப்புப்புத்தகத்தின் முதல் வரியை வெட்டினாள்.

"நான் நினைக்கிறது பிழையாவும் இருக்கலாம். ஆனால் அங்கிள் பொய் சொல்லேல்லை. குற்றவாளி, அன்ரி, உங்கட பத்து விரலும்."

"என்ர விரலோ?"

"சனிக்கிழமை விடியவே ஆர் எண்ணெய் வைக்கிறது?"

"நான்தான். இவர் வைச்சால் கை நடுங்கி நிலமெல்லாம் நல்லெண்ணெய்..." குமுதினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எண்ணெய்க்குள்ளால கரண்ட் போகாது. மிசின் தானாவே நிண்டிடும். தாளில ஜெல் இருக்கு, ஸ்பிரே இருக்கு. எண்ணெய் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. மயிர் காய்ஞ்சிருக்கவேணும் எண்டதால அங்கிள் முழுகாமல் மாட்டியிருக்கிறார். சொன்னதை அப்பிடியே செய்தவர்."

"காட்ஸ் எண்டீர்," என்றார் அருட்பிரகாசம்.

"வாயை மூடிக்கொண்டு வாங்கோ, முழுகுவம்!"

8:58. இரண்டு முறை சீயக்காய், பிறகு தலையுலர்த்தி. கவிசா தாளில் ஜெல்லுக்குக் கீழே பேனாவால் "எண்ணெய்" என்று ஜெர்மனில் சேர்த்தாள்.

9:00. குமுதினி பையைக் கழற்றி, கணவனின் கதிரைக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்கு அழைத்தாள்.

"நான் பிந்தித்தான் வருவன். பிள்ளையளை வாசிக்கச் சொல்லுங்கோ. இஞ்ச ஒருத்தற்ற பிடரியை இருபது நிமிசம் பாத்துக்கொண்டிருக்கவேணும்."

"என்ன நிறம்?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"பச்சை," என்றாள் குமுதினி. "ஆடாமல் இருங்கோ."